குப்பியில் மனித நொதி, கேள்வியில் சாயவால்

ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் மனித நொதி எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் தகவல் தாளின் முதல் வரியில் 'ரீகாம்பினன்ட் ஹியூமன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடுத்து, எதில் வளர்த்தார்கள் என்ற விவரம்; பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா. பிறகு அமினோ அமில வரிசையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த முனையில் என்ன வால் ஒட்டியிருக்கிறது, தூய்மை 90 அல்லது 95 சதவீதத்துக்கு மேல், மைனஸ் 80 டிகிரியில் வைக்கவும், திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்க வேண்டாம், ஆராய்ச்சிக்கு மட்டும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் கண் 'ஹியூமன்' என்ற சொல்லிலும் 95 என்ற எண்ணிலும் போய் நின்றுவிடும்; மீதியெல்லாம் குப்பி ஃப்ரீசருக்குள் போனதும் மறந்துபோகும். இந்தப் பதிவில் நான் வாதிடப்போவது ஒன்றைத்தான்: அந்தக் குப்பி தரும் விடை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை, அதனிடம் நாம் என்ன கேட்டோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. நொதி மனிதருடையது என்பதாலேயே மனித உடலின் விடை கிடைத்துவிடாது. இதற்கு நல்ல சான்று சர்ட்1 என்ற மனித நொதியின் கதை. சிவப்பு ஒயின் குடித்தால் ஆயுள் கூடும் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் எழுதித் தள்ளினவே, அந்தப் பரபரப்பின் பெரும்பங்கு இந்த நொதியை வைத்துச் செய்த ஒரு சோதனையில் இருந்துதான் கிளம்பியது.

முதலில் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மனித மரபணுவின் வரிசையை ஒரு பிளாஸ்மிடில் ஏற்றி ஈ.கோலைக்குள் செலுத்துகிறார்கள். பாக்டீரியா வளர்ந்து திரவம் கலங்கலானதும் ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த மரபணு முடுக்கிவிடப்படும். பாக்டீரியா தனக்குத் தேவையே இல்லாத ஒரு மனிதப் புரதத்தைச் செய்து குவிக்கும். புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட ஒரு வாலை முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாய்வழியே விட்டால் ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும், மற்றவை வழிந்துவிடும். இமிடசோல் கரைசலை ஊற்றினால் பிடி தளர்ந்து நமக்கு வேண்டிய புரதம் இறங்கும். வால் முறைக்குக் காசும் நேரமும் குறைவு, விளைச்சல் அதிகம். ரீகாம்பினன்ட் முறை வருவதற்கு முன்னால் மனித நொதி வேண்டுமென்றால் ரத்தத்தையோ நஞ்சுக்கொடியையோ அறுவையில் அகற்றிய திசுவையோதான் நம்ப வேண்டும். சர்ட்1 போல, செல்லுக்குள் கொஞ்சமே இருக்கிற ஒரு நொதியை அப்படிப் பிரித்து நூற்றுக்கணக்கான சோதனைகளுக்குப் பங்கிடுவது நடக்கிற காரியம் இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 95 சதவீதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு ஜெல்லில் இருந்து. புரதத்தை எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஜெல்லில் ஓடவிட்டு, கூமாசி நீலச் சாயம் ஏற்றி, பட்டைகளின் அடர்த்தியை ஒப்பிட்டுச் சொல்கிற எண் அது. கொதிக்கும்போதே நொதியின் மடிப்பு குலைந்துபோகும். ஆகவே வேலை செய்துகொண்டிருந்த மூலக்கூறும், ஏற்கெனவே செத்துக் கிடந்த மூலக்கூறும் ஜெல்லில் ஒரே பட்டையாகத்தான் தெரியும். 95 சதவீதம் தூய்மையான, ஆனால் பாதிக்குமேல் செயலிழந்த நொதி ஒரு குப்பியில் தாராளமாக இருக்க முடியும். மீதி 5 சதவீதம் என்ன என்பதும் முக்கியம். அது பெரும்பாலும் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்கள். ஈ.கோலையிடமே சர்ட்1-இன் தூரத்து உறவான காப்-பி என்ற நொதி இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்யும். குப்பியிலுள்ள மனித நொதி மந்தமாக இருந்து, காப்-பி துளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், நாம் அளப்பது யாருடைய வேலை? போதாக்குறைக்கு, யூனிட் என்ற அளவுகூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாடப்புத்தக வரையறைப்படி ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் நொதி. சர்ட்1 போன்ற மெதுவான நொதிகளை விற்பவர்கள் சிலர் பைக்கோமோல் கணக்கில் யூனிட்டை வரையறுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். தாளை முழுதாகப் படிக்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, சர்ட்1 விஷயத்துக்கு வருவோம். ஈஸ்டில் சர்2 என்ற புரதம் அதன் ஆயுளோடு தொடர்புடையது என்பது 1990-களின் கடைசியில் தெரிந்தது. 2000-இல் ஷின்-இச்சிரோ இமாயும் லியோனார்ட் குவாரென்டேயும் அது என்.ஏ.டி. என்ற மூலக்கூறைச் செலவழித்து, புரதங்களில் இருக்கும் லைசினின் மேல் ஒட்டிய அசிட்டைல் தொகுதியைக் கழற்றும் நொதி என்று காட்டினார்கள். மனிதரில் அதற்கு மிக நெருங்கியது சர்ட்1. 747 அமினோ அமிலங்கள் கொண்டது. ஈஸ்டின் ஆயுளை நீட்டும் நொதிக்கு மனித உறவினர் இருக்கிறார் என்றால், அவரை வேகமாக வேலை செய்யவைக்கும் ஒரு மூலக்கூறு மருந்தாகலாமே! இந்த ஆசையில் தவறில்லை. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சோதிக்க வேண்டும், அதற்கு வேகமான, மலிவான, கண்ணுக்குத் தெரிகிற ஒரு சோதனை வேண்டும். அந்தச் சோதனையின் அமைப்பில்தான் கதையே இருக்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

செல்லுக்குள் சர்ட்1 கைவைக்கும் புரதங்களில் ஒன்று பி53. அதில் 393 அமினோ அமிலங்கள். அவற்றில் 379 முதல் 382 வரை நான்கே நான்கை மட்டும் எடுத்தார்கள்: ஆர்ஜினின், ஹிஸ்டிடின், லைசின், அசிட்டைல் ஏற்றிய இன்னொரு லைசின். அந்தக் கடைசி லைசினோடு ஏ.எம்.சி. என்ற கூமரின் வகைச் சாயத்தை இணைத்தார்கள். கட்டுண்டு இருக்கும்வரை அந்தச் சாயம் ஒளிராது. கழன்றால் நீலமாக ஒளிரும். சர்ட்1 வந்து அசிட்டைலைக் கழற்றிவிட்டால், பின்னால் சேர்க்கப்படும் டிரிப்சின் என்ற இன்னொரு நொதி அந்த லைசினை அடையாளம் கண்டு வெட்டும். சாயம் விடுபட்டு ஒளிரும். அசிட்டைல் இருக்கும்வரை டிரிப்சினுக்கு அங்கே வெட்டத் தெரியாது. ஆகவே ஒளி கூடினால் சர்ட்1 கூடுதலாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நேர்த்தியான யோசனை. 96 குழிகள் கொண்ட தட்டில் கருவியே எல்லாவற்றையும் படித்துவிடும். உண்மைப் பொருளான பி53-இல் அந்தச் சாயம் இல்லை என்பதையும், இருந்திருக்க வேண்டிய 389 அமினோ அமிலங்கள் இந்தத் துணுக்கில் இல்லை என்பதையும் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2003-இல் கான்ராட் ஹோவிட்ஸ், டேவிட் சின்க்ளேர் குழுவின் ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. திராட்சைத் தோலிலும் சிவப்பு ஒயினிலும் உள்ள ரெஸ்வெரட்ரால், இந்தச் சோதனையில் சர்ட்1-இன் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது; ஈஸ்டின் ஆயுளை 70 சதவீதம்வரை நீட்டியது. பிறகு என்ன, ஊடகங்களுக்குக் கொண்டாட்டம். ஒயினில் ரெஸ்வெரட்ரால் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். பின்னாளில் எலிகளுக்குக் கொடுத்த அளவு கிலோ எடைக்குத் தினம் 22 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 60 கிலோ எடையுள்ள மனிதர் தினமும் நூற்றுக்கணக்கான லிட்டர் ஒயின் குடிக்க வேண்டிவரும் என்பதெல்லாம் தலைப்புச் செய்திக்கு ஒத்துவராத விவரங்கள். 2004-இல் சர்ட்ரிஸ் என்ற நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்டது. 2007-இல் ரெஸ்வெரட்ராலைவிட ஆயிரம் மடங்கு வலுவானவை என்று எஸ்.ஆர்.டி.1720 முதலான மூலக்கூறுகளை அறிவித்தார்கள். 2008-இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் அந்த நிறுவனத்தைச் சுமார் 72 கோடி டாலருக்கு வாங்கியது.

இதற்கு நடுவே, 2005-லேயே, இரண்டு குழுக்கள் மிக எளிமையான ஒரு காரியத்தைச் செய்திருந்தன. ஒன்று மேட் கேபர்லைன், பிரையன் கென்னடி ஆகியோர் இருந்த குழு. மற்றொன்று ஜான் டெனுவின் குழு. அதே மனித நொதி, அதே ரெஸ்வெரட்ரால். துணுக்கில் ஒட்டியிருந்த சாயத்தை மட்டும் எடுத்துவிட்டு, விளைபொருளை வேறு வழியில் அளந்தார்கள். ரெஸ்வெரட்ராலின் ஊக்கம் காணாமல் போனது. சாயத்தைத் திரும்ப ஒட்டினால் ஊக்கமும் திரும்பி வந்தது. கேபர்லைன் குழு மூன்று வகை ஈஸ்ட் இனங்களில் பார்த்தும் ஆயுள் நீளவில்லை. காய்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டிவைப்பார்களே, அந்த மாதிரிதான். முள் பொய் சொல்லவில்லை, எடைக்கல்லும் சரியானதுதான்; ஆனால் முள் காட்டிய எடையில் புளியும் சேர்ந்திருந்தது. ஒரு வித்தியாசம், கடைக்காரர் வேண்டுமென்றே ஒட்டுவார். இங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. வசதிக்காகச் சேர்த்த சாயம், நொதிக்கும் ரெஸ்வெரட்ராலுக்கும் நடுவே புகுந்து தானே ஒரு பங்காளி ஆகிவிட்டது.

2010-இல் ஃபைசர் நிறுவன விஞ்ஞானிகள் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். எஸ்.ஆர்.டி.1720-யும் அதன் உறவு மூலக்கூறுகளும் சாயம் ஒட்டிய துணுக்கில் ஊக்கம் தந்தன. சாயமில்லாத துணுக்கிலும் முழு நீள பி53 புரதத்திலும் தரவில்லை. கொழுப்பு உணவு கொடுத்த எலிகளிலும் அந்த மூலக்கூறு சர்க்கரையைக் குறைக்கவில்லை என்றார்கள். சர்ட்ரிஸ் தரப்பு சும்மா இருக்கவில்லை. மூலக்கூறு நொதியோடு நேரடியாகப் பிணைகிறது என்பதற்குச் சான்றுகளை அடுக்கியது. 2013-இல் 'சயன்ஸ்' இதழில் பேசில் ஹப்பர்டும் சின்க்ளேரும் மற்றவர்களும் எழுதியது இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. சாயம் இருந்த இடத்தில் டிரிப்டோஃபேன் போன்ற, நீரை விலக்கும் பெரிய அமினோ அமிலம் இயற்கையாகவே அமைந்திருக்கும் சில புரதத் துணுக்குகளில், சாயமே இல்லாமல் ஊக்கம் தெரிந்தது. மேலும் சர்ட்1-இன் 230-ஆம் இடத்தில் உள்ள குளூட்டமேட்டை வேறொன்றாக மாற்றினால் ஊக்கம் முற்றாக அடங்கியது. நொதியின் வழக்கமான வேலை மட்டும் தொடர்ந்தது. 2015-இல் வந்த படிகக் கட்டமைப்பில், ரெஸ்வெரட்ராலின் மூன்று மூலக்கூறுகள் நொதிக்கும் சாயம் ஒட்டிய துணுக்குக்கும் இடையில் உட்கார்ந்து, இரண்டையும் இறுகப் பிணைத்திருந்தது கண்கூடாகத் தெரிந்தது. 2013-லேயே கிளாக்ஸோ நிறுவனம் கேம்பிரிட்ஜில் இருந்த சர்ட்ரிஸ் அலுவலகத்தை மூடிவிட்டது.

இந்தக் கதையைச் சிலர் 'ரெஸ்வெரட்ரால் பொய்' என்று முடிக்கிறார்கள்; சிலர் '2013-இல் சின்க்ளேர் ஜெயித்துவிட்டார்' என்று முடிக்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. பத்து ஆண்டுச் சண்டையில் யாருடைய நொதியும் போலியானதல்ல. எல்லோருடைய குப்பியிலும் சர்ட்1 இருந்தது, எல்லோருடைய அளவீடும் ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. மாறியது தளப்பொருள், அதாவது நொதி கைவைக்கும் பொருள், மட்டும். சாயத்தோடு கேட்டால் 'ஆம்', சாயமில்லாமல் கேட்டால் 'இல்லை', டிரிப்டோஃபேன் உள்ள துணுக்கோடு கேட்டால் 'ஓரளவு ஆம்'. ஆக, 'ரெஸ்வெரட்ரால் சர்ட்1-ஐத் தூண்டுமா?' என்பது முழுமையான கேள்வியே அல்ல. எந்தத் தளப்பொருள் இருக்கும்போது என்று சேர்த்துக் கேட்டால்தான் அது கேள்வியாகும். 2003-இன் பிழை அளவீட்டில் இல்லை. நான்கு அமினோ அமிலமும் ஒரு சாயமும் கொண்ட துணுக்குக்குக் கிடைத்த விடையை, முழுப் புரதத்துக்கும் முழு உடலுக்குமான விடையாக வாசித்ததில் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு தயாராக இருக்கும்: எளிமைப்படுத்தாமல் அறிவியல் ஏது? செல்லுக்குள் சர்ட்1-ஐ அடக்கிவைக்கும் டி.பி.சி.1 போன்ற துணைப் புரதங்கள் இருக்கின்றன, என்.ஏ.டி. அளவு நேரத்துக்கு நேரம் மாறுகிறது, செல்லின் உட்கருவுக்குள் ஆயிரம் கூட்டாளிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது, பிரித்தெடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். முற்றிலும் சரி. 230-ஆம் இடத்து மாற்றமே இதற்குச் சாட்சி. ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 'இப்போது என்ன செய்கிறாய்?' என்று கேட்பது ரீகாம்பினன்ட் முறையில் மட்டுமே நடக்கக்கூடியது. என் வாதம் எளிமைப்படுத்தலுக்கு எதிரானதல்ல. எதை எடுத்துவிட்டோம், எதை ஒட்டவைத்தோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும், விடை வந்ததும் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திரும்பிப் போய்ச் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான். சந்தையில் கிடைக்கும் சர்ட்1 குப்பிகள் பலவற்றில் 193 முதல் 741 வரையிலான பகுதிதான் இருக்கிறது. முன்னால் 192 அமினோ அமிலங்கள் கிடையாது. வெட்டியதால் கையாளுவது எளிதாகிறது, நல்லதுதான். ஆனால் அந்த முன்பகுதியைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அந்தக் குப்பி விடை சொல்லாது. சொல்வது போலத் தோன்றினால் இன்னும் ஆபத்து.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையில் இருந்து வரலாம்: அப்படியானால் மனித நொதிதான் வேண்டுமென்று அவ்வளவு விலை கொடுப்பானேன், எதை வைத்தும் சோதிக்கலாமே? இங்கே நம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. மூலிகைச் சாறுகள் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏராளமான ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் பல ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியைச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பவை. பயன்படுத்துவது பெரும்பாலும் ஈஸ்டில் இருந்து எடுத்த மலிவான நொதி. ஈஸ்ட் நொதியும் மனிதக் குடலில் மாவுச்சத்தை உடைக்கும் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸும் பெயரில்தான் ஒன்றுபோல. கட்டமைப்பில் வேறு வேறு குடும்பங்கள், ஒன்று ஜி.எச்.13, மற்றது ஜி.எச்.31. ஒப்பீட்டுக்கு வைப்பது அகார்போஸ் என்ற மருந்தை. அது மனிதர், எலி போன்ற பாலூட்டிகளின் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும்; ஈஸ்ட் நொதியிடம் அதன் பாச்சா பலிக்காது. விளைவு என்ன? எந்தச் சாறைப் போட்டாலும் 'அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்தது' என்று முடிவு வரும். ஒருவரை அவருக்கு ஓடவே தெரியாத களத்தில் பந்தயத்துக்கு நிறுத்திவிட்டு, அவரை முந்திவிட்டோம் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இங்கே ரீகாம்பினன்ட் மனித நொதி உண்மையிலேயே தேவை. அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று அழைக்கப்படும் சலேசியா கொடியில் இருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் சலாசினால் என்ற மூலக்கூறைப் பிரித்தார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதையும் அதன் உறவுகளையும் ரீகாம்பினன்ட் முறையில் செய்த மனித மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸோடு வைத்து அளந்து, நொதியின் குழிவில் அவை எப்படி அமர்கின்றன என்று படிக அமைப்பிலேயே காட்டினார்கள். அந்தக் கொடியின் மரக்கிண்ணத்தில் ஊறவைத்த நீரைக் குடிக்கும் வழக்கத்தைப் பற்றி, இனி வெறும் நம்பிக்கையாக இல்லாமல் மூலக்கூறு அளவிலும் பேசலாம்.

ஆனால் மனித நொதியை வாங்கிவிட்டால் மூலிகை ஆய்வின் எல்லாச் சிக்கலும் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். தாவரச் சாற்றின் பாலிஃபீனால்கள் நீரில் நுண்ணிய திரள்களாகச் சேர்ந்து, எந்த நொதியையும் தம்மேல் ஒட்டவைத்து முடக்கிவிடும். பிரையன் ஷொய்ச்செட்டின் ஆய்வகம் 2000-களின் தொடக்கத்தில் இதை விரிவாகக் காட்டியது. கலவையில் 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்தால் அந்தத் திரள் கலைந்துவிடும். தடுப்பும் கூடவே மறைந்தால் அது உண்மையான தடுப்பு அல்ல. தவிர, சாறு மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அதுவே ஒளியை விழுங்கிவிடும். ஒளி குறைந்தது நொதி தடுக்கப்பட்டதால் என்று கருவி நினைத்துக்கொள்ளும். நொதியே இல்லாமல், சாயத்தையும் சாறையும் மட்டும் கலந்து ஒரு குழியில் படித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ரீகாம்பினன்ட் மனித நொதிகள் மருந்தாகவே உயிர்களைக் காக்கின்றனவே. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்லேஸ் 1987-இலிருந்து அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கிறது. குப்பி நொதிக்கும் உடல் நொதிக்கும் அவ்வளவு தூரம் என்றால் அவை எப்படி வேலை செய்கின்றன? கௌஷர் நோய்க்கான குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியை எடுத்துப் பார்ப்போம். 1991-இல் அனுமதி பெற்ற முதல் மருந்து மனித நஞ்சுக்கொடியில் இருந்து எடுக்கப்பட்டது. 1994-இல் வந்த இமிகுளூசரேஸ் சீன ஹாம்ஸ்டரின் சூலகச் செல்களில் தயாரான ரீகாம்பினன்ட் நொதி. வேடிக்கை என்னவென்றால் அது மனித வரிசைக்கு நூற்றுக்கு நூறு ஒத்தது அல்ல. 495-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அதனால் குறை ஒன்றும் இல்லை. மாறாக, அதன்மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைச் சீவி மேனோஸ் வெளியே தெரியும்படி செய்ததுதான் வெற்றிக்குக் காரணம். நோயில் கொழுப்பைச் சேர்த்துவைத்துத் திணறும் மேக்ரோஃபேஜ் செல்கள் மேனோஸைப் பார்த்துத்தான் நொதியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வரிசை அச்சு அசலாக இருந்து சர்க்கரை தவறாக இருந்தால், நொதி ரத்தத்தோடு கல்லீரலின் வேறு செல்களுக்குப் போய்த் தீர்ந்திருக்கும். ஈ.கோலைக்கு இந்த மாதிரிச் சர்க்கரையைக் கட்டவே தெரியாது. இதையெல்லாம் எந்தக் குப்பியின் லேபிளும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் மண்ணீரல் அளவையும் அளந்துதான் முடிவுக்கு வந்தார்கள். ஆக, மருந்தாக வென்ற நொதிகள் என் வாதத்தை உடைக்கவில்லை. அங்கே கேள்வியை உடலிடமே கேட்டார்கள், அவ்வளவுதான்.

கடைசி மறுப்பு காசு. ஐம்பது மைக்ரோகிராம் கொண்ட ஒரு குப்பி, உலர்பனிக்கட்டியில் விமானம் ஏறி வந்து, சுங்கத்தில் காத்திருந்து கைக்கு வருவதற்குள் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக் கணக்கு கலங்கிவிடும். இதில் கூடுதல் ஒப்பீட்டுச் சோதனைகளுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன சரிபார்ப்புகளில் பெரும்பாலானவை நொதியைக் குறைவாகவே தின்பவை. ட்ரைட்டான் ஒரு சொட்டு. நொதியில்லாக் குழி ஒன்று. சாயமில்லாத துணுக்கு ஒன்றைத் தனியாகச் செய்துவாங்கி, கடைசியில் தேறிய ஒன்றிரண்டு மூலக்கூறுகளை மட்டும் அதில் சோதித்தால் போதும், விளைபொருளை எச்.பி.எல்.சி.யிலோ நிறைமாலையிலோ பார்க்கலாம், அருகில் கருவி உள்ள துறையிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கொஞ்சம் உழைப்புக் கேட்பது ஒன்றுதான்: செத்த நொதி. சர்ட்1-இல் 363-ஆம் இடத்து ஹிஸ்டிடினை டைரோசினாக மாற்றினால் நொதியின் மடிப்பு அப்படியே இருக்கும், ஆனால் அது அசிட்டைலைக் கழற்றாது. அதையும் அதே பாக்டீரியாவில், அதே நிக்கல் குழாயில், அதே நாளில் பிரித்தெடுத்துச் சோதியுங்கள். அப்போதும் ஒளி வந்தால் அது காப்-பி போன்ற பாக்டீரியா நொதியின் வேலை. ஒரு சோதனையில் 95 சதவீதம் என்ற எண்ணைவிட அதிக விவரம் கிடைத்துவிடும். செல்களின் மேல் புரதத்தை ஊற்றிப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: ஈ.கோலையின் எண்டோடாக்சின் ஒட்டியிருந்தால் நோயெதிர்ப்புச் செல்கள் கொந்தளிக்கும். அதைப் புரதத்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது. புரதத்தைக் கொதிக்கவைத்துச் சேர்த்துப் பாருங்கள். எண்டோடாக்சின் அந்தச் சூட்டுக்கு அசையாது, பெரும்பாலான நொதிகள் அழிந்துவிடும்.

இப்படிப்பட்ட விவரங்களை ஆய்வுக் கட்டுரைகளில் எழுதவேண்டும் என்று ஜெர்மனியின் பைல்ஸ்டைன் நிறுவனத்தின் ஆதரவில் ஸ்ட்ரெண்டா என்ற நெறிமுறையே வகுத்திருக்கிறார்கள்: நொதி எது, எங்கிருந்து, என்ன மாற்றம் செய்யப்பட்டது, வெப்பநிலை, பி.எச்., தளப்பொருள், செறிவு என்று. அதைப் பார்த்தால் அலுவலகப் படிவம் போலத்தான் இருக்கும். ஆனால் 2003-க்கும் 2013-க்கும் நடுவே கரைந்த பணத்தையும் ஆண்டுகளையும் நினைத்தால் அந்தப் படிவம் அவ்வளவு சலிப்பூட்டாது. நொதி ஆய்வில் இருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் 'ரீகாம்பினன்ட் மனித நொதி வாங்கிப் பயன்படுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்திருந்தால், கோப்பைத் திறந்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த வால், எதில் வளர்த்தது, எந்தத் தளப்பொருள், அதில் என்ன சாயம், யூனிட் மைக்ரோமோலா பைக்கோமோலா என்று சேர்த்து எழுதுங்கள். லாட் எண்ணையும் விட்டுவிடாதீர்கள்.